குடம் வழியும் வரை

மிருணாளினிக்குத் தன் புத்தியின்மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. மதுரையில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் எந்தப் போட்டி வைத்தாலும் கோப்பை அவளுக்குத்தான். வீட்டில் அவற்றை அடுக்க இடமில்லாமல் அவள் அப்பா ஆசாரியைக் கூப்பிட்டுப் புதிதாக ஓர் அலமாரி செய்யச் சொன்னார். தப்பு என்பது மற்றவர்களுக்கு வருகிற வியாதி என்றே பதினெட்டு வயதுவரை அவள் நினைத்திருந்தாள்.

அப்படிப்பட்டவள் கோவில்பட்டியைத் தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் எழும்பியிருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கேதான் ப்ரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். மற்ற இடங்களில் அந்தப் பழக்கம் ஒழிந்து வெகுநாளாகிவிட்டது. வேண்டியதைக் கணினியிடம் வாயால் சொன்னால் போதும், அதுவே எழுதிக்கொள்ளும். எழுதியதைப் படித்துப் பார்த்து இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்றுப் போனார்கள். மிஞ்சியவர்கள் நாலைந்து பேர் என்று ஆன பிறகுதான் நம்மவர்களுக்கு முழிப்பு வந்தது. அதனால்தான் இந்தப் பாடம். 'கணிப்பும் நிரலாக்கமும்: ஓர் அறிமுகம்' என்று கால அட்டவணையில் கம்பீரமாகப் போட்டிருந்தது.

முதல் நாள் ஆய்வகத்துக்குள் போனால் பெயருக்குக்கூட ஒரு கணினி இல்லை. நடுவில் ஒரு கூடம், இரண்டு பக்கமும் கதவு வைத்த சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரு கண்ணாடி மேசை, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு செம்பு, ஒரு குடம். சுவரோரமாக ஊர்க்காரர்கள் சிலர், ஆணும் பெண்ணுமாக, நெற்றியில் சாம்பல் நிறப் பட்டை கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"கம்ப்யூட்டர் எங்க சார்?" என்று அஃப்ரின் கேட்டாள். விடுதியில் மிருணாளினியின் அறைத் தோழி அவள்.

"தீபாவளிக்கு அப்புறம் வரும்" என்றார் பேராசிரியர் ஞானராஜ். "இப்பவே உங்களை அது முன்னாடி உக்கார வெச்சா என்ன செய்வீங்க? அதுகிட்டயே கேட்டு, அதையே எழுத வெச்சு, எங்கிட்ட நீட்டுவீங்க. எத்தனை வருஷமா பாக்கறேன்! அதனால, அதுவரைக்கும் உங்க ப்ரோகிராம் மனுஷங்க மேலதான் ஓடும்."

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானராஜ் சுவரோரம் நின்ற ஓர் அம்மாளின் தோளைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நரை கலந்த கொண்டை, கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறு, காய்த்துப்போன விரல்கள்.

"இவங்க செண்பகவல்லி. நெத்தியில பட்டை இருக்கற வரைக்கும் இவங்க உடம்பு நீங்க எழுதினதை மட்டும்தான் செய்யும். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. தாளை அங்க இருக்கற கண்ணாடி மேசை மேல வெச்சா பட்டை படிச்சுக்கும். எழுதினவங்க 'நிறுத்து'ன்னு சொன்னாத்தான் நிக்கும். வேற யார் சொன்னாலும் நிக்காது."

"அவங்களுக்கு வலிக்காதா சார்?"

"அரைத் தூக்கம் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். வலி தெரியாது, அலுப்பு தெரியாது. நாம பேசறது காதுல விழும், மனசுல பதியாது. சம்பளம் குடுக்கறோம், வருஷா வருஷம் டாக்டர் வந்து பாக்கறார்."

மிருணாளினி கையைத் தூக்கினாள். புத்திசாலித்தனமான கேள்வியை முதலில் கேட்டுவிட வேண்டும் என்கிற பழைய பழக்கம். "இது எவ்வளவு வெயிட் வரைக்கும் தூக்கும் சார்?"

"நல்ல கேள்வி" என்றார் ஞானராஜ். செண்பகவல்லி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து வந்த வகுப்புகளில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஒருவன் தண்ணீரை மொள்ளச் சொல்ல மறந்துவிட்டான். பட்டை கட்டிய பெரியவர் வெறும் செம்பைக் குடத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டே இருந்தார். அஃப்ரின் எதில் ஊற்ற வேண்டும் என்று எழுதவில்லை. தண்ணீர் முழுக்கத் தரையில் போயிற்று. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "ஐயோ, மூஞ்சியப் பாரேன், ஒண்ணுமே தெரியாத மாதிரி!" என்று அந்தப் பெரியவரின் மூக்குக்கு நேராக நின்று ஒருத்தி சொன்னாள். மிருணாளினியும் சிரித்தாள். எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடவே சிரித்திருப்பாள்.

அவளுடைய முறை ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. அவள் எழுதியது சின்ன ப்ரோகிராம்தான். 'குடம் வழியும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்: தொட்டியில் ஒரு செம்பு மொள், குடத்தில் ஊற்று.' மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் கிழித்ததை அவள் இரண்டு வரியில் முடித்திருந்தாள். ஞானராஜ் வாங்கிப் படித்துவிட்டு மீசைக்குள் சிரித்தார்.

"சரி, ஓட விடுங்க. பக்கத்துலயே நின்னு பாருங்க."

"நிக்கணுமா சார்? நல்ல ப்ரோகிராமுக்குப் பக்கத்துல ஆள் எதுக்கு?"

கூடத்தில் ஓரிருவர் விசிலடித்தார்கள். ஞானராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பதிவாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வர, போனைக் காதில் வைத்தபடி வெளியே போய்விட்டார்.

மிருணாளினி தாளைக் கண்ணாடிமேல் வைத்தாள். செண்பகவல்லி குனிந்து ஒரு செம்பு மொண்டு குடத்தில் ஊற்றினாள். மறுபடி குனிந்தாள். மிருணாளினி ஏழெட்டுச் செம்பு பார்த்தாள். அதற்குள் அஃப்ரின் வாசலில் நின்று கத்தினாள். "ஏய், வெல்கம் பார்ட்டிக்குக் கூப்பிடறாங்கடி! சீனியர்ஸ் எல்லாம் வந்தாச்சு, ஃபர்ஸ்ட் இயர் நாமதான் லேட்டு!"

மிருணாளினி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஓடுகிற அறையை எழுதியவர் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது என்பது ஆய்வக விதி. விளக்கு எரிந்தால் உள்ளே பிள்ளை இருக்கிறது என்று உதவியாளர் தாண்டிப் போய்விடுவார்.

விருந்து அமர்க்களமாக நடந்தது. பாட்டு, ஆட்டம், பிரிஞ்சி, ஐஸ்கிரீம். ஒரு சீனியர் அவளிடம், "நீதான் ரெண்டு வரியில முடிச்சவளா?" என்று கேட்டான். செய்தி அதற்குள் பரவியிருந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெயில் சாய்ந்த பிறகு கும்பலாக விடுதிக்குத் திரும்பினார்கள். வாசலில் காவலாளி அடையாள அட்டையைக் கேட்டபோதுதான் அவள் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அட்டையை அந்தக் கண்ணாடி மேசையில் கழற்றி வைத்தது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது அட்டை மட்டும்தான்.

ஆய்வகக் கூடத்தில் யாரும் இல்லை. ஓர் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. உள்ளிருந்து தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் இடைவெளி, மறுபடி சத்தம். குழாயை யாரோ மூடாமல் போய்விட்டார்கள் என்று நினைத்துத்தான் அவள் கதவைத் திறந்தாள்.

செண்பகவல்லி குனிந்து மொண்டுகொண்டிருந்தாள். வலது கை தோளுக்குமேல் எழவில்லை என்பதால் இடது கையால் முழங்கையைத் தாங்கி, செம்பைக் குடத்தின் வாய்வரை கொண்டுபோனாள். பாதி தண்ணீர் வெளியே சிந்தியது. புடவை இடுப்புவரை நனைந்திருந்தது. பாதங்கள் தண்ணீரில் ஊறி வெளுத்து வீங்கியிருந்தன. குடத்தின் அடிப்பக்கம், பக்கவாட்டில் ஒரு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் ஒழுகி, தரைச் சாக்கடையில் விழுந்து, குழாயேறி, மறுபடி தொட்டிக்கே வந்துகொண்டிருந்தது. ஞானராஜ் பாடத்துக்காக வேண்டுமென்றே வைத்த குடம் அது. அந்தக் குடம் எந்தக் காலத்திலும் வழியாது.

"நிறுத்து!" என்று அவள் அலறினாள். "நிறுத்து, நிறுத்து!"

செம்பு தரையில் உருண்டது. செண்பகவல்லி தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தாள். மிருணாளினியும் அந்தத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளை எப்படிக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. இத்தனை நாளில் ஒருமுறையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை.

"அக்கா... அக்கா, மன்னிச்சிருங்க. மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன்."

"பரவால்ல மேடம்" என்றாள் செண்பகவல்லி. குரல் கரகரத்தது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க."

நாளெல்லாம் தண்ணீரை மொண்டவள் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை. ஏனென்றால் அதை மிருணாளினி எழுதவில்லை. மிருணாளினி தன் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். செண்பகவல்லியின் கையால் பாட்டிலைப் பிடிக்க முடியவில்லை. மிருணாளினியே பிடித்துக் குடிக்க வைத்தாள். பிறகு, எதையாவது செய்ய வேண்டுமே என்கிற தவிப்பில் பட்டையைக் கழற்றப் போனாள். பட்டையின் பின்பக்கம், தலைமுடிக்கு அடியில், ஒரு பச்சை விளக்கு எரிய வேண்டும் என்று ஞானராஜ் சொல்லியிருந்தார். அங்கே விளக்கு எரியவில்லை. விளக்கைச் சுற்றித் துரு பிடித்திருந்தது.

"அக்கா, இது எரியலையே. எப்ப அணைஞ்சுது?"

செண்பகவல்லி வாசலை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "மேடம் யார்ட்டயும் சொல்ல மாட்டீகல்ல?"

"மாட்டேன்."

"அது போன ஐப்பசி மழையிலயே போயிருச்சு. எல்லாப் பட்டையவும் வச்சிருந்த ரூம்பு ஒழுகி, அம்புட்டும் நனைஞ்சு போச்சு. இப்பம் தாளுல இருக்கறத அது காதுல படிச்சுச் சொல்லுறது மட்டுந்தேன் கேக்கும். உடம்ப அது ஒண்ணும் செய்யாது. நாங்க எல்லாரும் வேப்பமரத்தடியில உக்காந்து பேசுனோம். பட்டை செத்துருச்சுன்னு சொன்னா நம்மளையும் போகச் சொல்லிருவாகன்னு, வாயத் தொறக்கல. மறுநாள் சார் கட்டிவிட்டாக, நாங்களாவே செஞ்சோம். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல."

மிருணாளினிக்கு முதலில் இது பிடிபடவில்லை. பிடிபட்டதும் அவள் குடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப... இன்னைக்கு முழுக்க நீங்களாத்தான் செஞ்சீங்களா? முழிச்சிக்கிட்டு?"

"ஆமா."

"குடத்துல ஓட்டை இருக்கறது?"

"அது மொதலயே தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் நிறுத்தல?"

அந்தக் கேள்வி செண்பகவல்லிக்கு உண்மையாகவே புரியவில்லை. "நீங்க நிறுத்தச் சொல்லலையே" என்றாள்.

வெளியே விடுதிக்குப் போகிற பேருந்தின் ஹாரன் கேட்டது. செண்பகவல்லி தோளை நீவிக்கொண்டே, பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்த மாதிரி சொல்லிக்கொண்டு போனாள். "பட்டை வேல செஞ்சப்ப சொகமா இருக்கும். கண்ணச் சொக்கும், முழிச்சுப் பாத்தா வேல முடிஞ்சிருக்கும். இப்பம் எல்லாம் தெரியுதுல்ல. அதுலயும் தப்பா எழுதுனத தப்பாவே செய்யணும். வெறுஞ்செம்பக் கவுத்தணும்னா சிரிப்ப அடக்கணும், அதுதேன் செரமம். மத்தபடி சொன்னதச் சொன்னபடி செய்யுறதுக்குப் பட்டை எதுக்கு? நான் பன்னெண்டு வயசுல தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவ. அங்க யாரு பட்டை கட்டிவிட்டா?"

அவள் சிரித்தாள். மிருணாளினிக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் நாள் தான் கேட்ட கேள்வி அவள் காதிலேயே ஒலித்தது. இது எவ்வளவு வெயிட் வரைக்கும் தூக்கும் சார்? அதை இந்த அம்மாள் கேட்டிருக்கிறாள். முழு நினைவோடு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி கேட்டிருக்கிறாள். மூக்குக்கு நேராக நின்று அந்தப் பெண் சொன்னதை அந்தப் பெரியவர் கேட்டிருக்கிறார். வெறும் செம்பைப் பார்த்துத் தான் சிரித்த சிரிப்பை இவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த இடத்திலேயே தரை பிளந்து விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

"அன்னைக்கு உங்களை 'இது'ன்னு சொன்னேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"எப்பம்?" என்றாள் செண்பகவல்லி. யோசித்துப் பார்த்தாள். "அதுவா? எல்லாரும் அப்பிடித்தேன் சொல்லுறாக மேடம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மிருணாளினிக்குச் சோறு இறங்கவில்லை. போய் ஞானராஜிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பட்டையைப் பற்றி வாய் திறக்க வேண்டியதில்லை. நான் ஓட விட்டுவிட்டுப் பார்ட்டிக்குப் போனேன், சாயங்காலம்வரை திரும்பி வரவில்லை என்று அந்த மட்டும் சொல்லலாம். அதையும் சொல்லவில்லை. சொன்னால் பட்டைவரை விசாரணை போய்விடும், அக்காவின் வேலை போய்விடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் பயம். வகுப்பு தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்கிற பயம். அது தெரிந்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

கடைசியில் அவளுக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் அவள் பிராயச்சித்தம் தேடினாள். ப்ரோகிராமைத் திருத்தி எழுதினாள். புத்திசாலிகள் வேறென்ன செய்வார்கள்?

அடுத்த வெள்ளிக்கிழமை ஞானராஜ் எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து, நடுவில் தொட்டியும் கண்ணாடி மேசையும் போட்டு, ஒவ்வொருவருடைய ப்ரோகிராமையும் அங்கேயே ஓட வைத்தார். ஓட்டைக் குடத்தின் பாடம் முடிந்துவிட்டது, இன்றைக்கு நல்ல குடம், குடம் நிறைந்தால்தான் மதிப்பெண் என்றார். மிருணாளினியின் பெயர் வந்தது. அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வரியாக ஒன்று புதிதாக இருந்தது. 'கை வலித்தால் உடனே நிறுத்திவிட்டு உட்காரவும்.'

"இது எதுக்கும்மா? பட்டை போட்டிருக்கும்போதுதான் வலியே தெரியாதே. இந்த வரி ஒரு நாளும் வேலை செய்யாது."

"இருக்கட்டும் சார்."

"தேவையில்லாத வரி. ஆனா கெடுதலும் இல்ல" என்று சொல்லித் தாளைக் கண்ணாடிமேல் வைத்தார்.

செண்பகவல்லி குனிந்தாள். மிருணாளினி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இன்றைக்கு அந்தக் கை நன்றாகத் தோளுக்குமேல் எழும்பியது. செம்பு செம்பாகத் தண்ணீர் சிந்தாமல் குடத்துக்குப் போயிற்று. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மிருணாளினிக்கு ஒரு வாரமாக அடைத்திருந்த நெஞ்சு கொஞ்சம் இளகியது. வலித்தால் உட்காரலாம் என்று எழுதியாகிவிட்டது, உட்காரவில்லை, அப்படியானால் வலிக்கவில்லை. குடம் நிறைந்து விளிம்பில் வழிந்தது. கூடம் கைதட்டியது. ஞானராஜ் முழு மதிப்பெண் என்று அறிவித்தார்.

தாளை எடுக்கிற சாக்கில் அவள் மேசைக்குப் போனாள். உதடு அசையாமல் கேட்டாள். "கை சரியாயிருச்சாக்கா? வலிக்கலைல்ல?"

செண்பகவல்லி எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே, அதே மாதிரி மெதுவாகச் சொன்னாள். "மொதச் செம்புலயே உயிர் போச்சு மேடம்."

"அப்புறம்? அதுக்குத்தானே எழுதியிருந்தேன்!"

"வலிக்குதுன்னு நான் உக்காந்தா, பட்டை செத்துருச்சுன்னு சாருக்குத் தெரிஞ்சிருமே. நீங்க எழுதுனதக் காதுல கேட்டதும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. எங்க மூஞ்சி காட்டிக் குடுத்துருமோன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு ஊத்துனேன். இனிமே அப்பிடி எழுதாதீக மேடம். ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மிருணாளினி தன் இடத்துக்குத் திரும்பினாள். உட்காரத்தான் போனாள். கால் மடங்கவில்லை.

"சார்" என்றாள். "என் ப்ரோகிராம் தப்பு சார்."

ஞானராஜ் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தப்பா? குடம் நிறைஞ்சிருக்கே. என்ன தப்பு?"

அவள் செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லி வகுப்பில் முதல் தடவையாகச் சுவரிலிருந்து கண்ணை எடுத்து மிருணாளினியை நேராகப் பார்த்தாள். பார்த்து, வேறு யாருக்கும் தெரியாத அளவுக்கு, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"எந்த வரியில தப்பு? சொல்லும்மா" என்றார் ஞானராஜ்.

"தெரியல சார்" என்றாள் மிருணாளினி.

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான், பிறகு கூடமே சிரித்தது. ஞானராஜும் சிரித்துக்கொண்டே அடுத்த பெயரைக் கூப்பிட்டார். உதவியாளர் குடத்தைத் தூக்கித் தொட்டியில் கவிழ்க்க, செண்பகவல்லி மறுபடி சுவரைப் பார்த்து, அடுத்த தாளுக்காக நேராக நின்றாள்.